வந்த வயதா, பிறந்த இடமா? அம்மாவைப் பார்ப்பதில் எனக்கும் தம்பிக்கும் இடையில் இவ்வளவு தூரம்

கோண்டாவில் குயில் (மார்க்கம்)

வணக்கம் உறவுகளே. இங்கே பலருடைய வீட்டிலும் இதே கதை நடக்கும் என்று நினைத்து இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய். கனடா வந்த பிறகு படித்த ஆங்கிலம் எல்லாம் போய்விட்டது, இப்போது தமிழ் மட்டும்தான். என்னோடுதான் இருக்கிறா. நான், தங்கச்சி, தம்பி என்று மூன்று பேர். முதியோர் இல்லத்துக்கு இப்போதே பதிய வேண்டும் என்கிறான் தம்பி. அந்தக் கதையை என்னோடு கதைக்காதே என்கிறேன் நான். தங்கச்சி இரண்டு பக்கமும் போன் எடுத்து அழுகிறாள்.

யார் சரி என்று தீர்ப்புக் கேட்க வரவில்லை. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பிறகு ஏன் இப்படி?

1993இல் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வள்ளத்தில் கிளாலிக் கடலேரியைக் கடந்தபோது எனக்கு 13 வயது, தங்கச்சிக்கு 6. அப்பா 1989இலேயே ரொறன்ரோ வந்துவிட்டார். வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கப் பிணைக்கு ஆள் தேடி அம்மா வெயிலில் அலைந்தது, இரவில் வள்ளத்துக்குள் தங்கச்சி அழாமல் இருக்க அவளின் முகத்தைத் தன் மடியோடு அமத்திப் பிடித்திருந்தது, கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பதிவுக்காகக் கதவு தட்டுப்படும்போதெல்லாம் அம்மாவின் கை நடுங்கினது, எல்லாம் நான் கண்டது. தங்கச்சிக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். தம்பி 1995இல் ஸ்காபரோவில் பிறந்தவன். அவன் கண்ட அம்மா வேறு. இரவு வேலைக்கு ஃபாக்டரிக்குப் போய், விடிய வந்து, அவனுக்கு லஞ்ச் கட்டிக் கொடுத்துவிட்டுப் படுக்கிற அம்மா. ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் “அக்காவைக் கூப்பிடு” என்கிற அம்மா.

அந்தக் கடிதங்களை வாசித்தது நான். ரக்ஸ் பேப்பர், இமிகிரேஷன் கடிதம், பள்ளிக்கூட ரிப்போர்ட், எல்லாம் நான்தான். தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவோடு செக்கப்புக்குப் போனதும் நான்தான். டொக்டர் கேட்ட சில கேள்விகளை ஒரு பிள்ளை தாயிடம் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னா.

முதலாம் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று இரண்டு பெட்டியில் போட்டுக் கதைக்கிறோம். நான் எந்தப் பெட்டி? அப்பா அம்மாவைப் போல ஊரை முழுதாக வாழ்ந்து முடித்தவளும் இல்லை, தம்பியைப் போல இங்கே பிறந்தவளும் இல்லை. என் அனுபவத்தில் கணக்கு வந்த வயதில்தான் இருக்கிறது. 12, 13, 14 வயதில் வந்த பிள்ளைகள்தான் குடும்பத்தைத் தூக்கியவர்கள். அந்தப் பாரம் எங்களுக்கு ஒரு பார்வையைத் தந்துவிட்டது. தம்பிக்கு அது இல்லை. அது அவனுடைய குற்றமும் இல்லை.

உங்கள் வீடுகளில் எப்படி?

கடலோரத்தான் (ஸ்காபரோ)

பிள்ளை, உங்கட பதிவை வாசிச்சுப்போட்டு இரவு நித்திரை வரேல்லை. நான் முதலாம் தலைமுறை. 1987இல வந்தனான். அதுக்கு முதல் வருசம் ஆவணியிலதான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில இரண்டு உயிர்காப்புப் படகுக்குள்ள 155 தமிழரை மீன்பிடிக்காரர் கண்டு கரைசேர்த்தவை. எங்களை ஆரெண்டே தெரியாத சனம், அதுக்குப் பிறகுதான் தமிழர் எண்ட பேரைக் கேள்விப்பட்டது.

நாங்கள் குடியேற எண்டு வரேல்லை. பிரச்சினை முடிய ஊருக்குப் போறது எண்டுதான் வந்தனாங்கள். வெலஸ்லி, பார்லிமென்ட் சந்தியடியில இருக்கிற அந்த உயர்ந்த அப்பார்ட்மென்டுகளில ஒரு அறைக்குள்ள ஐஞ்சாறு பெடியள். பகலில ஒருத்தன் படுத்த மெத்தையில இரவில மற்றவன். றெஸ்ரோறன்டில கோப்பை கழுவி, இரவில கிளீனிங் செய்து, முதல் ஏஜென்சிக்காரன்ர கடன், பேந்து தங்கச்சியின்ர சீதனம், பேந்து தம்பியை எடுக்கிற காசு. சீட்டுப் பிடிச்சுத்தான் எல்லாம் ஒப்பேத்தினது.

இப்ப கலியாண வீடு, செத்த வீடு எங்க போனாலும் “எங்கட ஆக்கள் தாய் தேப்பனை ஹோமில விடுறேல்லை” எண்டு கதைக்கினம். என்ர வயசுக்காரர் நெஞ்சில கை வைச்சுச் சொல்லட்டும். எங்களில எத்தினை பேர் தாய் தேப்பனைப் பக்கத்தில இருந்து பார்த்தனாங்கள்? உண்டியல்காரரிட்டக் குடுத்துக் காசு அனுப்பினம். பார்த்தது பக்கத்து வீட்டுக்காரர், ஒண்டுவிட்ட தங்கச்சி, கோயிலடிச் சனம். என்ர ஐயா 1996இல வன்னியில இடம்பெயர்ந்த இடத்தில மோசம் போனவர். கொள்ளி வைக்க நான் இல்லை. செய்தி வந்து சேரவே கிழமைக்கணக்காச்சுது. போறதுக்குப் பாதை இல்லை, ஆரையும் குறை சொல்லேலாது.

ஆனா இதைச் சொல்லத்தான் வேணும். வயசு போனவையைப் பார்க்கிறது எப்பிடி எண்டு எங்கட பிள்ளையள் எங்க கண்டதுகள்? நாங்கள் எங்கட அப்புவைக் குளிக்க வார்த்ததை, ஆச்சிக்குக் கால் பிடிச்சதை அதுகள் காணேல்லை. டெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு “சுகமா இருக்கிறியளோ, காசு கிடைச்சுதோ” எண்டு கத்தினதைத்தான் கண்டதுகள். அதுகளிட்டப் போய் எங்கட வழக்கம் இதுதான் எண்டு சொன்னால் அதுகள் எதை வைச்சு விளங்கிறது?

உங்கட தம்பியோட கோவிக்காதேங்கோ பிள்ளை.

மல்வேர்ன் பேத்தி (ஸ்காபரோ)

அக்கா, நான் இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழில் எழுதுகிறேன். நான் உங்கள் தம்பியின் பக்கம்.

என்னை வளர்த்தது அப்பம்மா. அப்பாவும் அம்மாவும் இரண்டு வேலை. அப்பா அப்பம்மாவைக் கனடாவுக்கு எடுத்தது பாசத்தால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாசமும் இருந்தது. ஆனால் டேகேருக்குக் கட்டக் காசு இல்லை என்பதும் உண்மை. நான் முதல் வகுப்புக்குப் போனதும் அப்பம்மா அத்தை வீட்டுக்குப் போனா, ஏனென்றால் அங்கே ஒரு பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்ததும் சித்தப்பா வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அவவின் உடுப்புப் பை கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. கடைசி வரை ஒரு அலுமாரி அவவுக்கென்று யாரும் ஒதுக்கவில்லை.

கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தா. “நாங்கள் அம்மாவை வீட்டில்தான் வைத்திருக்கிறோம்” என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். காலை ஏழு மணிக்கு எல்லோரும் வெளியே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் ஆள் வரும். வெளியில் பனி. பக்கத்து வீட்டுக்காரரின் பேர் தெரியாது. தமிழ் டிவியும், ஊருக்கு எடுக்கும் போன் கார்டும்தான் அவவுக்குத் துணை. ஒருநாள் நான் பள்ளியிலிருந்து நேரத்தோடு வந்தபோது, சாப்பிடாமல், சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் கதிரை வைத்து இருந்தா. எங்கே போக என்று கேட்டேன். “ஆரும் வருவினம் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்” என்றா. முதியோர் இல்லத்தில் தனிமை என்று பயப்படுகிறோம். வீட்டிலும் அது இருக்கிறது அக்கா.

இன்னொன்று. வீட்டிலேயே பார்ப்போம் என்று முடிவு சொல்கிற ஆண்களில் எத்தனை பேர் இரவில் எழும்பிப் பாம்பர்ஸ் மாற்றுகிறார்கள்? எங்கள் வீட்டில் அதைச் செய்தது அம்மாவும் நானும். நீங்களும் வேலைக்குப் போகிறவராக இருப்பீர்கள். உங்கள் தம்பி அதை யோசித்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது கிளாலி. அதைத் தம்பிக்கு யாராவது சொன்னீர்களா? எனக்கு என் அப்பா சொன்ன ஊர் மாமரமும் தேர்த் திருவிழாவும் மட்டும்தான். 2009 வைகாசி 10, அன்னையர் தினம். ஊரில் போரை நிறுத்தச் சொல்லிக் கார்டினர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான ஆட்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன், 11ஆம் வகுப்புப் பிள்ளை. அப்பம்மாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தா. டிவி கமரா வந்ததும் பெரியவர்கள் எங்களை முன்னால் தள்ளினார்கள், “நீங்கள் இங்கிலிஸில் சொல்லுங்கோ” என்று. நாங்கள் சொன்னதெல்லாம் முந்தின இரவுகளில் இணையத்தில் தேடிப் படித்தது. வீட்டில் யாரும் சொல்லித் தெரிந்தது ஒன்றுகூட இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டு உணரவில்லை என்று எங்களைக் குறை சொல்வது நியாயமா?

காவிரிக்கரை (மிசிசாகா)

அக்கா, நான் கும்பகோணம் பக்கம். வேலை விஷயமா 2015ல இங்க வந்தேன். எங்க கதை வேற மாதிரி, ஆனா வலி ஒண்ணுதான்.

நாங்க போர்ல தப்பி வந்தவங்க இல்ல. லீவு போட்டா ஊருக்குப் போயிட்டு வந்துடலாம். அதனாலயே அம்மா அப்பாவை யார் பாக்குறதுன்ற கேள்வியைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கோம். பெத்தவங்களுக்குன்னு இருக்குற சூப்பர் விசாவுல வர்றாங்க. 2022லேர்ந்து ஒரு தடவை வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் தங்கலாம்னு மாத்திட்டாங்க, ஆனா ஒன்ராறியோ மருத்துவக் காப்பீடு கிடையாது. குறைஞ்சது ஒரு லட்சம் டாலருக்குத் தனியார் காப்பீடு எடுத்துதான் ஆகணும். அம்மாவுக்கு சர்க்கரை, அப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட். வந்து குளிரு தாங்காம “போதும்பா, எங்களை அனுப்பி வெச்சுடு”ன்னு சொல்வாங்க. அனுப்பி வெச்சுட்டு ராத்திரி போன் அடிச்சா பயந்து எழுந்திருக்கேன்.

கடலோரத்தான் ஐயா எழுதினதைப் படிச்சப்ப, பாதை திறந்திருந்தும் போகாம இருக்குறவன் நான்னு தோணிச்சு. என் பொண்ணு இங்கதான் பொறந்தா. தாத்தா பாட்டி அவளுக்குப் போன்ல தெரியுற ரெண்டு முகம். அவ நாளைக்கு என்னை எப்படிப் பாத்துக்குவான்னு எதிர்பார்க்குற தகுதி எனக்கு இருக்கான்னு யோசிக்கிறேன்.

ஆரே கரை (பேர்ண்)

சுவிஸிலயிருந்து எழுதிறன். கனடாக்காரருக்கு அம்மம்மா, அப்பம்மா எண்டு கதைக்கவாவது ஆள் இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு அதுவும் இல்லை. இஞ்ச தாய் தேப்பனை ஸ்பொன்சர் பண்ணி எடுக்கிறது எண்டது பெரும்பாலும் நடக்காத காரியம். அதால எங்கட பிள்ளையள் வளர்ந்த வீட்டில வயசானவையே இல்லை. இப்பதான், எண்பதுகளில அகதியா வந்து ஹோட்டல் குசினியில நிண்ட நாங்களே முதியவரா வாறம். முதியோர் எண்டால் என்ன எண்டு பிள்ளையள் எங்களிலதான் முதல் முதலாப் பார்க்கப்போகினம்.

கோண்டாவில் குயில், இஞ்ச சட்டமே தலைமுறையை எண்ணுது. பிறந்தாப்போல குடியுரிமை வராது. இஞ்ச பிறந்து, பள்ளிக்கூடம் போய், பேர்ண் பாஷையில கனவு காணுற பிள்ளையும் வெளிநாட்டுக்காரர்தான். 2017 மாசியில வாக்கெடுப்பு வைச்சு, மூன்றாம் தலைமுறைக்கு மட்டும் குடியுரிமையை இலகுவாக்கினவை. 2018இல நடைமுறைக்கு வந்தது. அதுக்கும் விண்ணப்பிக்கிற பிள்ளை 25 வயசுக்குள்ள இருக்கவேணும், தாத்தா பாட்டியில ஒருத்தர் எண்டாலும் இஞ்ச வதிவிட உரிமையோட இருந்ததைக் காட்டவேணும். கனடாவில உங்கட தம்பி பிறந்த நிமிசமே கனடியன். அவனுக்கு அந்த நாட்டின்ர முதியோர் இல்லம் அந்நியமான இடம் இல்லை, தன்ர நாட்டின்ர ஒரு வசதி. உங்களுக்கு அது அந்நியம். எனக்கு இந்த வித்தியாசம் பெரிசாத் தெரியுது.

இரவுப் பணி (ஸ்காபரோ)

நான் பல வருடமாக முதியோர் இல்லங்களில் பி.எஸ்.டபிள்யூ (பராமரிப்பு உதவியாளர்) ஆக வேலை செய்கிறேன். உணர்ச்சி எல்லாம் சரி, ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஒன்ராறியோவில் வீட்டிலிருந்து விண்ணப்பித்தால் ஐந்து இல்லங்கள் வரை நீங்களே தெரிவு செய்யலாம். நீங்கள் கேட்காத இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் அம்மா விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய், சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டால் நிலைமை வேறு. 2022இல் வந்த சட்டத்தின்படி, தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றருக்குள் எந்த இல்லத்தையும் உங்கள் சம்மதம் இல்லாமலே இடம் ஒதுக்கும் கோடினேற்றர் தெரிவு செய்யலாம். வடக்கில் 150 கிலோமீற்றர். மறுத்து ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தால் நாளுக்கு 400 டொலர். மார்க்கத்திலிருந்து 70 கிலோமீற்றர் என்றால் ஒரு தமிழ்ச் சொல் கேட்காத ஊரெல்லாம் அதற்குள் வரும். “எங்கள் வீட்டில் அந்தக் கதையே இல்லை” என்று இருந்த குடும்பங்கள்தான் கடைசியில் இதில் மாட்டுப்படுவதை நான் பார்க்கிறேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பதிந்து வைத்து, இடம் வந்து, வேண்டாம் என்றால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். நிலைமை மோசமாகாவிட்டால் 12 கிழமை கழித்துத்தான் திரும்பப் போடலாம். பதில் சொல்ல ஒரு நாள்தான் தருவார்கள். ஆகவே சும்மா பேரைப் போட்டு வைப்போம் என்பதும் சரிவராது. நல்ல பேர் எடுத்த இடங்களுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சீனர்கள் இதை முப்பது வருடத்துக்கு முன்பே யோசித்தார்கள். டொக்டர் ஜோசப் வோங் முன்னின்று தொடங்கிய யீ ஹொங் இல்லம் 1994இல் ஸ்காபரோவில் திறந்தது. இப்போது அவர்களின் ஃபின்ச் கிளையில் தெற்காசியர்களுக்கென ஒரு பகுதியும் இருக்கிறது. யப்பானியக் கனடியர் கட்டிய மொமிஜி முதியோர் குடியிருப்பு 1992இலிருந்து கிங்ஸ்ரன் வீதியில் இருக்கிறது.

யப்பானியர் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் தலைமுறைக்குப் பேரே வைத்திருக்கிறார்கள்: வந்தவர்கள் இஸ்ஸெய், பிள்ளைகள் நிஸெய், பேரப்பிள்ளைகள் சன்ஸெய். 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து ஏறக்குறைய 22,000 பேரைப் பெயர்த்து, பலரை முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் கனடாவில் பிறந்தவர்கள், குடியுரிமை உள்ளவர்கள். வீடு, வள்ளம், கடை எல்லாவற்றையும் அரசாங்கம் விற்றது. 1949 வரை கரைக்குத் திரும்ப விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் நல்லாக இருக்கட்டும், இந்த நாட்டோடு சேரட்டும் என்று மறைத்தார்கள். பேரப்பிள்ளைகள் வளர்ந்து கேள்வி கேட்டார்கள். முதியவர்களும் இளையவர்களும் சேர்ந்து போராடி, 1988 புரட்டாதியில் கனடா மன்னிப்புக் கேட்டு உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 21,000 டொலர் கொடுத்தது. அதற்குள் இஸ்ஸெய்களில் அநேகமானோர் இறந்துவிட்டார்கள்.

மல்வேர்ன் பேத்தி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. சொல்லுங்கள். அம்மாவுக்கு ஞாபகம் போகிறது, மிச்சம் உங்களிடம்தான் இருக்கிறது.

கோண்டாவில் குயில் (மார்க்கம்)

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை.

“இரவுப் பணி” எழுதிய சட்ட விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தம்பிக்குத் தெரிந்திருந்தது. அவன் பதிய வேண்டும் என்று அவசரப்படுத்தியதே அதனால்தானாம். என்னிடம் சொல்லத் தொடங்கும்போதே நான் கத்திவிடுவேன் என்று சொல்லாமல் விட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் மனைவியும் வந்தார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம். கரண்டியால் கொடுத்தால் அம்மா வாயைத் திறக்க மாட்டா. சோற்றைக் கையால் குழைத்து, பருப்பை உள்ளே வைத்து, சின்ன உருண்டையாகப் பிடித்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் தானாகத் திறப்பா. தம்பி எழும்பி வந்து கை கழுவிவிட்டு என்னிடமிருந்து கோப்பையை வாங்கினான். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அம்மா அவனுக்குச் சின்ன வயதில் அப்படித்தான் ஊட்டினவ. வேலைக்குப் போகிற அவசரத்திலும் கையால்தான் ஊட்டுவா என்று அவன் சொன்னான். அந்த நேரம் நான் ஹைஸ்கூலிலும் பார்ட் டைம் வேலையிலும் நின்றேன், எனக்கு அது தெரியாது.

பிறகு கிளாலியைச் சொன்னேன். தங்கச்சியையும் போனில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டோம். வள்ளம், தண்ணீர், லொட்ஜ் எல்லாம். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. “நீங்கள் இரண்டு பேரும் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறீர்கள் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்தேன், என்னை விட்டுவிட்டுக் கதைப்பீர்கள்” என்றான். அவனுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்று அம்மாவும் நானும் அவன் வந்தால் கதையை மாற்றுவோம். அவன் அதை எப்படி எடுத்திருக்கிறான் பாருங்கள்.

வந்த வயதுதான் கணக்கு என்று எழுதியிருந்தேன். அது பெரிய காரணம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்தை வீட்டுக்குள் காப்பாற்றி வைத்திருந்தது எங்கள் வாய் மூடல்.

அம்மாவை இப்போதைக்கு இல்லத்துக்கு அனுப்புவதாக இல்லை. ஆனால் ஐந்து இடங்களின் பட்டியலைத் தம்பி போடுகிறான், நான் போய்ப் பார்க்கிறேன். கிழமையில் இரண்டு இரவு அவன் இங்கே வந்து தங்குகிறதாகச் சொல்லியிருக்கிறான். அம்மாவைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் எழுதுகிறோம்: கையால்தான் சாப்பிடுவா, வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) வைக்கக் கூடாது, கதவை ஓங்கித் தட்டினால் பயந்துவிடுவா. கடைசி வரிக்குக் காரணத்தையும் தம்பிதான் எழுதினான், லொட்ஜில் பொலிஸ் வந்தது பற்றி.

“இரவுப் பணி”, பகல் நேரப் பராமரிப்பு நிலையம் என்று சொல்கிறார்களே, தமிழ் கதைக்கிற ஆட்கள் உள்ள இடம் மார்க்கம், ஸ்காபரோ பக்கம் உண்டா? அதற்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பு உண்டா?

இரவுப் பணி (ஸ்காபரோ)

தொடர்பு இல்லை, இரண்டும் வேறு வேறு. பகல் நிலையத்துக்குப் போவதால் இல்லத்துக்கான வரிசையில் உங்கள் இடம் பாதிக்காது. வீட்டுப் பராமரிப்பையும் இல்ல விண்ணப்பங்களையும் பார்க்கிற ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோமில் அம்மாவுக்கென ஒரு கோடினேற்றர் போடுவார்கள், இரண்டுக்கும் அவரிடமே கேளுங்கள். முதல் பேச்சிலேயே மொழி தமிழ் என்று பதியச் சொல்லுங்கள், பி.எஸ்.டபிள்யூ அனுப்பும்போதும் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்காமல் கிடைக்காது. உங்களுடைய பேரோடு தம்பியின் பேரையும் தொடர்புக்குக் கொடுங்கள். நீங்கள் வேலையில் நிற்கும்போது அவனுக்கு எடுப்பார்கள்.

அந்தத் தாளில் அம்மா ஊரில் என்ன வேலை செய்தா, யார் யாருடைய பேரைச் சொல்லிக் கூப்பிடுவா என்பதையும் எழுதுங்கள். எங்களுக்கு அது மிகவும் உதவும்.